வாகை சூடியவரின் கூலி

செல்வம் நிலையாது, புகழ் நிலையாது, உடல் வலிமை நிலையாது என்பதை விளக்க நம் மறையுரைகளிலும் தியான உரைகளிலும் வீழ்ந்துபட்ட பெரியோரின் கதைகள் எடுத்தாளப்படுவது வழக்கம். அவ்வரிசையில் சேர்க்கப்படும் பெயர்களுள் ஒன்று அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ். உலகையே வென்றவர், இலட்சக்கணக்கான டாலர் ஈட்டியவர், இறுதியில் கடனாளியாகிச் சூதாட்ட விடுதி ஒன்றில் வருவோர்க்குக் கைகுலுக்கி வரவேற்புக் கூறும் வேலை பார்த்தார். ஆகவே அன்பர்களே, பூச்சியும் துருவும் அரிக்காத செல்வத்தை விண்ணகத்தில் சேர்த்துவையுங்கள் என்று அந்த உரை முடியும்.

அந்த முடிவுரையில் எனக்கு மறுப்பில்லை. அது நம் ஆண்டவரின் போதனை. அதற்கு இட்டுச்செல்லும் வழியைத்தான் மறுக்கிறேன். புயலில் சாய்ந்த வீட்டைக் காட்டி நிலையாமை பேசலாம். கன்னமிட்டுக் கொள்ளையடிக்கப்பட்ட வீட்டைக் காட்டி நிலையாமை பேசுகிறவர், தம்மை அறியாமலே கள்வனுக்குத் துணைபோகிறார். ஜோ லூயிஸின் வீடு புயலில் சாய்ந்ததா, கன்னமிடப்பட்டதா என்பதைப் பார்த்த பிறகு பாடம் கற்பிப்பதே முறை.

பருத்திக் காட்டிலிருந்து மேடைக்கு

1914ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுத கருப்பினக் குடும்பமொன்றில், எட்டுப் பிள்ளைகளுள் ஏழாமவராகப் பிறந்தார் ஜோசப் லூயிஸ் பாரோ. பெற்றோர் இருவருமே முன்னாள் அடிமைகளின் பிள்ளைகள். தந்தை மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட, பிள்ளைகளை வளர்க்கும் சுமை தாயின் தோளில் விழுந்தது. 1926இல் குடும்பம் வடக்கே டெட்ராயிட் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே மோட்டார் தொழிற்சாலைகள் இருந்தன. சில ஆண்டுகளிலேயே பொருளாதாரப் பெருமந்தமும் வந்தது. மகன் வயலின் கற்கட்டும் என்று தாய் கொடுத்த காசு குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்திற்குப் போய்ச் சேர்ந்தது. தாயின் ஆசைக்கும் மகனின் தெரிவுக்கும் இடையே நின்றது, அந்த நகரில் ஒரு கருப்பின இளைஞனுக்குத் திறந்திருந்த கதவுகள் மிகச் சிலவே என்னும் உண்மை.

1934இல் அவர் தொழில்முறைச் சண்டையில் இறங்கினார். அப்போது அவருடைய மேலாளர்கள் அவருக்குச் சில விதிகளை வகுத்தனர். வீழ்ந்த எதிராளியைக் கண்டு மகிழ்ச்சி காட்டக்கூடாது; வெள்ளையினப் பெண்ணோடு நின்று படம் எடுத்துக்கொள்ளக் கூடாது; எப்போதும் அடக்கமாகவே தோன்ற வேண்டும். இவை நற்பண்புப் பயிற்சி அல்ல, அச்சம் எழுதிய விதிகள். 1908இல் உலகப் பட்டம் வென்ற முதல் கருப்பினத்தவரான ஜாக் ஜான்சன், 1910 ஜூலை 4ஆம் நாள் வெள்ளையின வீரர் ஜெஃப்ரீசைத் தோற்கடித்தபோது, அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கருப்பின மக்கள் தாக்கப்பட்டனர்; உயிர்களும் போயின. 1913இல் ஜான்சன் வெள்ளையினத்தவர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழுவால் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். அத்தீர்ப்பிலிருந்து அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 2018இல்; அவர் மறைந்து எழுபதாண்டுகளுக்கு மேல் கடந்த பின்னர். இந்த நிழலில்தான் லூயிஸ் வளர்ந்தார். மேடையில் எதிராளியை அடிக்க உரிமை பெற்றிருந்த அம்மனிதருக்கு, வென்றபின் புன்னகை செய்ய உரிமை இல்லை.

1937 ஜூன் 22ஆம் நாள் சிகாகோ நகரில் ஜேம்ஸ் பிராடக்கை எட்டாம் சுற்றில் வீழ்த்தி, அதிக எடைப் பிரிவின் உலக வாகையராக லூயிஸ் முடிசூடினார். அந்த வாய்ப்புக்கும் ஒரு விலை இருந்தது. தோற்றாலும் பிராடக் தரப்பு இழக்காதவாறு ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது: லூயிஸின் சண்டைகளை நடத்திய முகவர் மைக் ஜேக்கப்ஸ் ஈட்டும் இலாபத்தில் 10 விழுக்காடு, பத்து ஆண்டுகளுக்கு அவர்களைச் சேரும். வெற்றி பெறுமுன்பே அந்த உடலின் வருங்கால உழைப்பு பங்கிடப்பட்டுவிட்டது.

124 நொடிகளும் அதற்குப் பின்னும்

அடுத்த ஆண்டு அதே நாளில், நியூயார்க்கின் யாங்கி திடலில் ஏறத்தாழ 70,000 பேர் முன்னிலையில் செர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கை அவர் எதிர்கொண்டார். 1936இல் இதே ஷ்மெலிங் லூயிஸைப் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்த்தியிருந்தார். அவ்வெற்றியை இட்லரின் ஆட்சி தன் இனக்கொள்கைக்குச் சான்றாகப் பறைசாற்றியிருந்தது. மறுசண்டை இரு நாடுகளின் போராகவே பார்க்கப்பட்டது. முதல் சுற்றிலேயே, 2 நிமிடம் 4 நொடிகளில், அது முடிந்தது. அன்றிரவு கருப்பின மக்கள் தெருக்களில் ஆடிப் பாடினர். வெள்ளை அமெரிக்காவும் முதன்முறையாக ஒரு கருப்பின மனிதரை 'நம்மவர்' என்று கொண்டாடியது.

எத்தகைய 'நம்மவர்' என்பதைப் போர்க்காலம் காட்டிற்று. 1942 சனவரியில் பட்டி பேர் என்பவரோடு பொருதிய சண்டையில் தமக்குக் கிடைத்த தொகையை லூயிஸ் கடற்படைத் துயர்துடைப்பு நிதிக்கு வழங்கினார். அந்நாளில் அக்கடற்படையில் கருப்பினத்தார் உணவுக்கூட ஏவலர்களாகவே சேர்க்கப்பட்டு வந்தனர். மார்ச் மாதம் ஏப் சைமனோடு சண்டையிட்டு ஈட்டியதைத் தரைப்படை நிதிக்கு வழங்கினார். தாமே படையில் சேர்ந்து, ஏறத்தாழ 20 இலட்சம் வீரர்கள் முன்னிலையில் 96 காட்சிச் சண்டைகள் நிகழ்த்தினார். அவர் சேர்ந்த படையும் நிறத்தால் பிரிக்கப்பட்ட படையே.

போர் முடிந்தது. வருமானவரித் துறை கணக்குக் கேட்டது. நாட்டுக்குக் கொடையாக அளித்த அச்சண்டைத் தொகைகளும் அவருடைய வருமானத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டன. ஆலோசகர்கள் தவறாக நடத்திய கணக்குகள், வட்டி, தண்டம் எல்லாம் சேர்ந்து 1950 அளவில் கடன் 5 இலட்சம் டாலரைத் தாண்டியது. அக்கடனை அடைக்க மீண்டும் மேடையேறினால், அந்நாளில் உச்ச வரிவிகிதம் 90 விழுக்காட்டளவில் இருந்தமையால், ஈட்டுவதில் பெரும்பகுதி அவ்வாண்டு வரிக்கே போகும். பழைய கடன் குறையாது, வட்டி ஏறும். தம் வாழ்நாளில் அவர் மேடையில் ஈட்டித்தந்த தொகை 46 இலட்சம் டாலருக்கு மேல் என்றும், அவர் கைக்கு வந்தது ஏறத்தாழ 8 இலட்சம் மட்டுமே என்றும் கணக்கிடுவர். மீதி எங்கே போயிற்று என்று நம் மறையுரைகள் கேட்பதில்லை.

1949இல் ஓய்வு பெற்றவர், கடனுக்காக 1950இல் திரும்பி வந்து எசார்ட் சார்லசிடம் தோற்றார். 1951 அக்டோபர் 26ஆம் நாள், 37ஆம் வயதில், ராக்கி மார்சியானோவின் கைகளால் எட்டாம் சுற்றில் மேடைக் கயிறுகளுக்கு வெளியே சரிந்து விழுந்தார். வென்றவரே கண்ணீர் விட்டார் என்பர். 1956இல் பணத்துக்காக மல்யுத்தக் காட்சிகளில் இறங்கினார். 1970இல் மனநோய்க்காக டென்வர் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பின்னர் லாஸ் வேகாஸ் விடுதியின் அந்த வரவேற்பு வேலை. 1977இல் இதய அறுவைக்குப் பின் சக்கர நாற்காலி.

மூன்று மறுப்புரைகள்

'அவரே விரயம் செய்தார்' என்பர் சிலர். ஆம், அவர் கை ஓட்டைக் கைதான். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார், குழிப்பந்தாட்டப் பந்தயத்தில் இழந்தார், இல்லற வாழ்விலும் அவரிடம் குறைகள் உண்டு. அவரைப் புனிதர் பட்டியலில் சேர்க்க நான் வரவில்லை. ஆனால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பெருமந்த நாள்களில் தம் குடும்பம் பெற்ற அரசு உதவித்தொகையை, பணம் வந்ததும், டெட்ராயிட் நகருக்கு அவர் திருப்பிச் செலுத்தினார். கேட்காத கடனைத் தீர்த்த மனிதரைத்தான், கொடுத்த கொடைக்கும் வரி கேட்டு நெருக்கினார்கள். ஊதாரித்தனம் பாவமானால் பிறர் உழைப்பின் பெரும்பங்கை விழுங்குவது என்ன? ஒன்றை மட்டும் பாவக் கணக்கில் எழுதி மற்றதை வணிகக் கணக்கில் எழுதுவது எந்த ஒழுக்க இயல்?

'அவர் விரும்பித்தானே சென்றார்? யாரும் கட்டாயப்படுத்தவில்லையே' என்பது இரண்டாவது மறுப்பு. இதற்கு விடை 1891இலேயே எழுதப்பட்டுவிட்டது. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் தொழிலாளியின் ஒப்புதலைப் பற்றிப் பேசுகிறார். வறுமையின் நெருக்கடியாலோ அதனினும் கொடிய தீமைக்கு அஞ்சியோ ஒருவன் கடுமையான நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டால், அவன் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளானவனே என்பது அவர் தீர்ப்பு. கையொப்பம் இருக்கலாம், நீதி இல்லை. தங்கள் பிள்ளைகளை மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆக்க முடிந்தவர்கள் அவர்களைத் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு அனுப்பினார்களா என்று பாருங்கள். ஏழைகளுக்கு மட்டும் உரியதாய் இருக்கும் ஒரு 'விருப்பத்தை' விருப்பம் என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

மூன்றாவது மறுப்பு வலிமையானது: 'அவர் தம் மக்களுக்குத் தலைநிமிர்வைத் தந்தார்.' உண்மை. அதை யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் ஓர் இனத்தின் மாண்பு ஒரு மனிதரின் கைமுட்டியில் தொங்க வேண்டியிருந்தது என்பதே அச்சமூகத்தின் மீதான குற்றச்சாட்டு அன்றோ? அம்முட்டி ஓய்ந்ததும் என்ன நடந்தது? 1952இல் சான் தியேகோ குழிப்பந்தாட்டப் போட்டிக்கு அவர் அழைக்கப்பட்டபோது, தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தின் 'வெள்ளையர் மட்டும்' விதி குறுக்கே நின்றது. அவர் போராடி, தொழில்முறை சாராத விருந்தாளியாகவே ஆட முடிந்தது. அவ்விதி 1961 வரை நீடித்தது. டெட்ராயிட் நகரில் 1986இல் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள்: 24 அடி நீளமுள்ள வெண்கலக் கை, நுனியில் மடக்கிய முட்டி. முகம் இல்லை, மார்பு இல்லை. சிற்பி வேறு உயர்ந்த பொருளை எண்ணியிருக்கலாம். எனக்கோ, அந்த நாடு ஜோ லூயிஸிடமிருந்து எடுத்துக்கொண்ட பகுதி எது என்பதை அச்சிலை மிகச் சரியாகவே சொல்வதாகத் தோன்றுகிறது.

நம் வீட்டுக் கணக்கு

இங்கே நம் திருச்சபைக்குள்ளிருந்தும் ஒரு குரல் எழலாம். பவுலடியாரே கொரிந்தியர்க்கு எழுதும்போது குத்துச்சண்டையை உவமையாகக் கூறவில்லையா? சிகாகோவில் ஆயர் பெர்னார்டு ஷீல் 1930இல் தொடங்கிய கத்தோலிக்க இளைஞர் அமைப்பு குத்துச்சண்டைப் போட்டிகளாலேயே புகழ்பெறவில்லையா? ஆயரின் நோக்கம் நல்லது. தெருவில் கெட்டுப்போகவிருந்த இளைஞர்களை, நிற வேறுபாடின்றி, ஒரு கூரையின்கீழ்ச் சேர்த்தார். அதை மதிக்கிறேன். ஆயினும் அடுத்தவரை மயங்கி விழச்செய்வதை வெற்றியின் முழுமையாகக் கொள்ளும் ஒரு கலையைத்தான் ஆலயத்தின் நிழலில் கற்பிக்க வேண்டுமா?

பவுலடியார் உவமை சொன்னது தம் உடலை அடக்குவதற்கு. அயலாரின் முகத்தைச் சிதைப்பதற்கன்று. இவ்வாதத்திற்குத் தொடக்கத் திருச்சபையிலேயே விடை கூறப்பட்டுவிட்டது. தெர்த்துல்லியன் பொதுக்காட்சிகளைப் பற்றி எழுதிய நூலில், விளையாட்டுத் திடல் மறைநூலில் குறிப்பிடப்பட்டிருப்பதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் அங்கு நிகழும் குத்தும் உதையும் கிறித்தவர் காணத் தகாதவை என்கிறார். மனித முகத்தைச் சிதைப்பது கடவுளின் சாயலையே சிதைப்பது என்பது அவர் காட்டும் காரணம். ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், 2005இல், உரோமையில் இயேசு சபையினர் வெளியிடும் 'லா சிவில்த்தா கத்தோலிக்கா' இதழும் தொழில்முறைக் குத்துச்சண்டையைக் கொலை முயற்சிக்கு ஒப்பிட்டுக் கண்டித்தது.

இது வெறும் உருவகப் பேச்சன்று. தொடர்ந்து தலையில் அடிபடும் குத்துச்சண்டை வீரர்களுக்கு நேரும் மூளைச் சிதைவைப் பற்றி மருத்துவர் ஆரிசன் மார்ட்லண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதியது 1928இல். லூயிஸ் தொழில்முறைச் சண்டையில் இறங்கியது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து. 1933 பிப்ரவரியில் எர்னி ஷாஃப் என்னும் வீரர் பிரிமோ கார்னேராவோடு சண்டையிட்டு மேடையில் விழுந்து சில நாள்களில் இறந்தார். சில மாதங்களில் அதே கார்னேராவுக்கு உலகப் பட்டம் கிடைத்தது. ஈராண்டில் அவரை லூயிஸ் வீழ்த்தினார். பின்னர் வந்த முகமது அலி, பேச்சாலேயே உலகைக் கவர்ந்தவர், 42ஆம் வயதில் நடுக்குவாத நோய் கண்டறியப்பட்டு, படிப்படியாகக் குரல் இழந்து, 2016இல் மறைந்தார். அறியாமல் செய்தோம் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

குற்றம் முகவரோடும் வரித்துறையோடும் நின்றுவிடுவதில்லை. புனித அகுஸ்தீன் தம் 'ஒப்புதல்கள்' நூலின் ஆறாம் பகுதியில் நண்பர் அலிப்பியுசைப் பற்றிக் கூறுகிறார். வாட்போர் வீரர்களின் காட்சியை வெறுத்த அவரைத் தோழர்கள் வலிந்து இழுத்துச் சென்றனர். 'உடல்தான் இங்கே இருக்கும், உள்ளம் இராது' என்னும் உறுதியோடு கண்களை மூடிக்கொண்டு அமர்ந்தார். கூட்டம் ஒருமுறை ஆர்ப்பரித்தது. கண் திறந்தார். குருதியைக் கண்டார்; பின் கண்ணை எடுக்க முடியவில்லை. வந்தபோது இருந்த மனிதராய் அவர் திரும்பவில்லை. இன்று நம்மை யாரும் இழுத்துச்செல்ல வேண்டியதில்லை. வீட்டுக் கூடத்திலேயே, கையளவுத் திரையிலேயே அந்த அரங்கம் இருக்கிறது. காசு கொடுத்துப் பார்ப்பவர் இல்லையேல் முகவர் இல்லை. முகவர் இல்லையேல் அம்மேடை இல்லை. பார்ப்பவரும் அந்தக் கூலிக் கணக்கில் ஒரு தரப்பினரே.

குருத்து ஞாயிறு

1981 ஏப்ரல் 11ஆம் நாள் இரவு லாஸ் வேகாசில் நடந்த உலகப் பட்டப் போட்டிக்குச் சக்கர நாற்காலியில் அழைத்து வரப்பட்டார் ஜோ லூயிஸ். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மறுநாள் அவர் மாரடைப்பால் இறந்தார். அன்று குருத்து ஞாயிறு. கைதட்டும் கூட்டத்தை எவ்வளவு நம்பலாம் என்று திருச்சபை ஆண்டுதோறும் நமக்கு நினைவூட்டும் நாள் அது.

ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைக்க விதிகள் இடந்தரவில்லை. குடியரசுத் தலைவர் ரீகன் விதியைத் தளர்த்தினார். படை மரியாதையோடு அடக்கம் நடந்தது. இறந்தவருக்காக விதியைத் தளர்த்தத் தெரிந்த அரசுக்கு, உயிரோடிருந்தவருக்காகக் கடன் வட்டியைத் தளர்த்த எத்தனை ஆண்டுகள் பிடித்தன! 1960களின் தொடக்கத்தில்தான், அவருடைய அன்றைய வருமானத்திற்கேற்பத் தண்டல் குறைக்கப்பட்டது.

அடக்கச் செலவில் பங்கேற்றவர்களுள் ஒருவர் மாக்ஸ் ஷ்மெலிங். 1938இல் 124 நொடிகளில் வீழ்த்தப்பட்ட அதே 'எதிரி'. அவர் நாட்சிக் கட்சியில் சேர்ந்தவரல்லர். அதே ஆண்டு நவம்பரில் யூதர்கள் வேட்டையாடப்பட்ட இரவுகளில், யூதச் சிறுவர் இருவரைத் தம் விடுதி அறையில் ஒளித்துவைத்துக் காத்தவர். போருக்குப் பின் லூயிஸைத் தேடிச்சென்று நண்பரானார். அவருடைய இல்லாமையில் பண உதவியும் செய்தார். எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவரை விலகிச் சென்றவர்கள் யார், அருகில் வந்தவர் யார் என்று ஆண்டவர் கேட்ட கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டு தந்த விடைகளுள் இதுவும் ஒன்று.

லூயிஸ் இறந்த ஐந்தாம் மாதத்தில், 1981 செப்டம்பர் 14ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றிய 'லபோரெம் எக்ஸெர்சென்ஸ்' சுற்றுமடலை வெளியிட்டார். உழைப்பவர் ஒரு கருவி அல்லர். உழைப்பின் தலைவர் அவரே. மனிதருக்காகவே உழைப்பு, உழைப்புக்காக மனிதர் இல்லை என்பது அதன் அடித்தளம். ஜோ லூயிஸின் கதையை இனிச் சொல்லும் மறையுரையாளர்கள் அச்சுற்றுமடலை அருகில் வைத்துக்கொண்டு சொல்லட்டும். அறுவடை செய்தவரின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று எழுதிய யாக்கோபின் மடலையும் திறந்து வைக்கட்டும். ஈட்டிய 46 இலட்சத்தையும் கைக்கு வந்த 8 இலட்சத்தையும், கொடையையும் அதன் மீது விழுந்த வரியையும் மக்கள்முன் வைத்துவிட்டு, அதற்குப் பின்னும் நேரம் இருந்தால் நிலையாமையைப் பற்றிப் பேசட்டும்.